பத்தாவது தடவை

அன்றைக்கு மத்தியானம் பன்னிரண்டு அடிப்பதற்குள் பூட்டுக்காரர், வீட்டு போனைக் கொன்றுவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லைதான். ஆனால் வேண்டுமென்று செய்கிறவன்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க மாட்டான் என்று சாவியக்காவுக்குப் பட்டது. துருப்பிடித்த பூட்டுகளை ஊறப்போட்டிருந்த மண்ணெண்ணெய்த் தட்டின் மேல் மனுஷன் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து போன் நழுவி, தட்டுக்கு நட்டநடுவில், தலைகீழாக, சத்தமே இல்லாமல் இறங்கிவிட்டது.

"ஐயையோ!" என்றாள் சாவியக்கா.

பூட்டுக்காரர் இரண்டு விரலால் போனைத் தூக்கி, எலிக்குட்டியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

சாவியக்கா அவர் பெண்டாட்டி. கடைத்தெரு வளைவில் இருவருக்கும் ஒரே கடை. பின்னாலேயே வீடு, ஒரு அறையும் ஒரு அடுக்களையும். சாவி தொலைத்தவன், கதவை வெளியே சாத்திக்கொண்டவன், பெட்டி திறக்காதவன் எவன் வந்து நின்றாலும் தோள்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர் அவர். கடையில் உட்கார்ந்து சாவி வெட்டுகிறவள் இவள். அதனால்தான் தெருவே அவளைச் சாவியக்கா என்று கூப்பிட்டது. பிறந்தபோது வைத்த பேர் அவளுக்கே மறந்திருக்கும்.

சாவி வெட்டுவது பெரிய வித்தையா என்று கேட்பவர்கள் உண்டு. பழைய சாவியை ஒரு பிடியில் மாட்டி, புதுத் தகட்டைப் பக்கத்துப் பிடியில் மாட்டி, சக்கரத்தை ஓடவிட்டால் ஆச்சு என்பார்கள். அப்படி வெட்டுகிற கடை ஊரில் நாலு இருந்தது. தேய்ந்த சாவியைப் பார்த்து அப்படியே வெட்டினால் வருவது இன்னொரு தேய்ந்த சாவிதானே? சாவியக்கா சாவியைக் கையில் வாங்கி, "எத்தனை வருஷமா இருக்கு? வீட்டுல எத்தனை பேர் இதை எடுப்பீங்க?" என்று கேட்பாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிறகு எங்கே முடியளவு கூட்டணுமோ அங்கே கூட்டி வெட்டுவாள். சாவி இப்போது இருக்கிற மாதிரி இல்லை, பிறந்த அன்றைக்கு இருந்த மாதிரி வரும். அந்தச் சாவி திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

சரி, போனுக்கு வருவோம். போன் போனால் போகட்டும், பட்டன் போன், வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்கு அது பேசியாக வேண்டிய நாள். அவர்கள் மகன் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தான். கப்பல் ஐந்தாறு வாரத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு துறைமுகத்தைத் தொடும். கரையில் இறங்கி, ஏதோ ஒரு கடையில் இருக்கிற போனிலிருந்து கூப்பிடுவான். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் உலகத்தில் இது ஒன்றுதான். பதினொரு வருஷமாக மாறாத எண்.

இன்றைக்கு அவன் ஒப்பந்தம் முடிகிறது. நம்ம ஊர் நேரத்துக்கு நாலு மணிக்குள் கையெழுத்துப் போட்டால் இன்னும் பத்து மாசம் கப்பலில். போடாவிட்டால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம். ஐந்து மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும், அவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

போன தடவை கூப்பிட்டபோது, "வந்துடறேம்பா, முடியல" என்றான் பையன். அதற்கு இந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "இன்னொரு ஒப்பந்தம் முடிக்காம வந்தேன்னா வீட்டுப் பூட்டை மாத்திடுவேன். உன் சாவி போடாது, பாத்துக்கோ." வேறு யார் சொன்னாலும் அது வெறும் கோபத்தில் சொன்ன வார்த்தை. பூட்டுக்காரர் சொன்னால்? கால் மணி நேரத்தில் செய்துவிடக்கூடிய ஆள்!

அன்றிலிருந்து ஐந்து வாரமாகச் சாவியக்கா புருஷனோடு அளந்துதான் பேசினாள். "சாப்பாடு இருக்கு." "மழை வருது." அவ்வளவுதான். அவரும் பூட்டு வாய் மாதிரி இறுக்கமாகவே இருந்தார்.

இன்றைக்குக் காலையில்தான் ஒரு அதிசயம். சலவைக்கடையில் ஒரு கதவு சாத்திக்கொண்டது என்று போய்த் திறந்துவிட்டு, நனைந்த சட்டையோடு வந்தவர், அவள் முகத்தைப் பார்க்காமல், "அவன் கூப்பிட்டா என்கிட்ட குடு" என்றார்.

"எதுக்கு? மிச்சம் மீதி இருந்தா அதையும் திட்டித் தீர்க்கவா?"

அவர் அலமாரியிலிருந்த போனைத் தானே எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பத்து தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். இவர் இறங்கி வந்துவிட்டார், வார்த்தையைத் திரும்ப வாங்கப் போகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் சக்கரத்தை ஓட்டினாள். அதற்குப் பிறகு அரைமணி நேரத்தில்தான் மண்ணெண்ணெய்க் குளியல்.

"சிம்மைக் கழட்டுங்க. பழைய போன் ஒண்ணு கெடக்கே, உடைஞ்ச கண்ணாடியோட, அதுல போடுங்க" என்றாள்.

"அது எனக்குத் தெரியாதா? நீ போய் அடுப்பைப் பாரு. நான் பார்த்துக்கறேன்."

இந்த 'நான் பார்த்துக்கறேன்' இருக்கிறதே, கல்யாணம் ஆன நாளிலிருந்து அதைக் கேட்டாலே அடுத்து உடையப் போவது எது என்று அவள் தேடுவாள். இருந்தாலும் போனாள். உருளைக்கிழங்கை வேகவைத்து, ரொட்டியைச் சூடு பண்ணி, வெங்காயத்தை நறுக்கி வைத்துவிட்டு அவள் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

பூட்டுக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் போன். மறு கையில் பென்சில். தொடையில் நோட்டு. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது. எண்பூட்டு திறக்கும்போதுதான் அவர் நோட்டை எடுப்பார். போட்டுப் பார்த்த எண்ணையே மறுபடி போடக்கூடாது என்று ஒவ்வொன்றாக எழுதி அடித்துக்கொண்டே போவார். அப்படித்தான் ஒருமுறை ஒரு இரும்புப் பெட்டியோடு மூன்று நாள் மல்லுக்கட்டி ஜெயித்திருக்கிறார்.

"என்னங்க பண்றீங்க?"

"பூட்டு கேட்குது. நாலு எண் கேட்டுச்சு. போட்டேன், ஒத்துக்கல. இப்ப எட்டு எண் கேட்குது."

"நாலு எண்ணா? அந்தப் பூட்டை யார் போட்டது?"

"நான்தான்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. "வாங்கின அன்னைக்கே போட்டேன். பூட்டுக்காரன் வீட்டுல பூட்டு இல்லாத சாமான் இருக்கலாமா?"

"அப்ப அந்த எண்ணைப் போட வேண்டியதுதானே!"

பூட்டுக்காரர் திருதிருவென்று முழித்தார். போனை அணைத்து எழுப்பினால்தான் அந்த எண்ணைக் கேட்கும். இவர்களோ, மகன் எந்த நேரத்தில் கூப்பிடுவானோ என்று மூன்று வருஷமாகப் போனை அணைத்ததே இல்லை. கேட்காத எண்ணை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

அவள் நோட்டைப் பிடுங்கினாள். மேலே நாலு நாலு எண்ணாக மூன்று வரி. கீழே எட்டு எட்டு எண்ணாக எட்டு வரி. எல்லாம் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தன. மகன் பிறந்த தேதி, கல்யாணத் தேதி, கடை எண்ணை இரண்டு தரம் சேர்த்து எழுதியது, ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக.

"விட்டுப் பிடிச்சாத்தான் திறக்கும். இன்னும் கொஞ்ச நேரம் குடு" என்றார்.

அவள் போனையும் பிடுங்கிக்கொண்டு மழையில் தெருவைக் கடந்து ஓடினாள். அவர் பின்னாலேயே வந்தார்.

எதிர்ச்சாரியில் ரேடியோக்காரி கடை. ஒரு காலத்தில் ரேடியோ மட்டும் பார்த்தவள், இப்போது போன்தான் எல்லாம். பேர் மட்டும் பழையதே நின்றுவிட்டது. கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, சூட்டுக்கோல் முனையில் புகை வர, ஒரு மயிரிழைக் கம்பியை ஒட்டவைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "சாவியக்கா, நனையாதீங்க, உள்ள வாங்க" என்றாள். விஷயத்தைக் கேட்டதும் நிமிர்ந்தாள்.

"அண்ணே, எட்டு எண்ணை எத்தனை தடவை போட்டீங்க?"

"ஒரு ரெண்டு மூணு தடவை இருக்கும்" என்றார் பூட்டுக்காரர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

சாவியக்கா நோட்டை நீட்டினாள். ரேடியோக்காரி எண்ணினாள். எண்ணி முடித்ததும் சூட்டுக்கோலைக் கீழே வைத்தாள்.

"எட்டு. அண்ணே, கும்பிட்டுக் கேட்டுக்கறேன், இதை இனிமே தொடாதீங்க. இது பத்து தடவைதான் பொறுக்கும். பத்தாவதும் தப்புன்னா தன்னையே முடிச்சுக்கும். அப்புறம் யாராலயும் திறக்க முடியாது. செஞ்சவனாலயே முடியாது."

"தன்னையே முடிச்சுக்குமா?" பூட்டுக்காரர் நம்பவில்லை. "அது என்னம்மா பூட்டு? பூட்டுன்னா திறக்கிறதுக்குத்தானே?"

"உங்க பூட்டு இரும்பு. நாள் பூரா நோண்டினாலும் வாயை மூடிக்கிட்டு இருக்கும். இது ரோஷக்காரப் பூட்டு."

"ரெண்டு தடவை மிச்சம் இருக்கில்ல?" என்றாள் சாவியக்கா. நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "வேற சிம் வாங்கி அதே எண்ணைப் போட முடியாதா?"

"போடலாம் அக்கா. கம்பெனி ஆபீஸ்ல கேட்டா குடுப்பாங்க. யார் பேர்ல வாங்கினீங்க?"

"பேரா?" என்றார் பூட்டுக்காரர். "தெருமுனையில குடையை விரிச்சு உட்கார்ந்து வித்தான். அவன் எந்தப் பேரை எழுதினானோ!"

"சரி, அந்தக் கப்பல் கம்பெனிக்காரங்க நம்பர் ஏதாவது? அவங்ககிட்டச் சொல்லி மகனுக்குத் தகவல் குடுக்கலாமே."

"இருக்கு" என்றாள் சாவியக்கா. "இதோ, இதுக்குள்ளதான் இருக்கு."

மூன்று பேரும் ரேடியோக்காரியின் உள்ளங்கையைப் பார்த்தார்கள். போனிலிருந்து கழற்றிய சில்லு அதில் கிடந்தது. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு பக்கம் பொன் நிறத்தில் கட்டம் கட்டமாக மின்னியது. இதற்குள்ளா ஒரு ஆபீஸும், ஒரு கப்பலும், பெற்ற பிள்ளையும்!

"போன்ங்கிறது வெறும் வாயும் காதும்தான் அண்ணே" என்றாள் ரேடியோக்காரி. "நீங்க யாருன்னு சொல்றது இது. இதை எடுத்து எந்த போன்ல போட்டாலும் அது உங்க போனாயிடும். உள்ள ஒரு ரகசிய எண்ணை வச்சிருக்கு. அது இதுக்குத் தெரியும், கம்பெனி மெஷினுக்குத் தெரியும். மூணாவது ஆளுக்குத் தெரியாது. இதைச் சுமந்துக்கிட்டிருக்கிற போனுக்கே சொல்லாது."

"சொல்லாட்டி டவர் எப்படி நம்பும்?"

"டவர் பக்கம் இருந்து ஒரு கேள்வி வரும். வேற ஒண்ணுமில்ல, ஒரு எண். தடவைக்குத் தடவை வேற வேற எண்ணா வரும். இது அந்த எண்ணையும் தன் ரகசியத்தையும் சேர்த்து அரைச்சு, வர்ற விழுதை மட்டும் அனுப்பும். அங்கயும் அதையே அரைச்சு வச்சிருப்பாங்க. ரெண்டும் ஒண்ணுன்னா, நம்ம ஆளுதான்னு உள்ள விட்டுடுவாங்க. நடுவுல எவன் ஒட்டுக் கேட்டாலும் விழுதுதான் கிடைக்கும், ரகசியம் கிடைக்காது. நேத்து கிடைச்ச விழுது இன்னைக்கு உதவாது."

பூட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். மகனை மறந்தார், மழையை மறந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"சாவியைக் காட்டாமலேயே கதவைத் திறக்குதா?"

"ஆமாண்ணே."

"முப்பது வருஷமா பூட்டு பார்க்கிறேன்" என்றார் மெதுவாக. "சாவியை ஒருத்தன் பார்த்துட்டா போச்சு. சோப்புல அழுத்தி அச்செடுத்தா போதும். அதுக்கு மருந்தே கிடையாதுன்னு நெனச்சேன். இவன் என்னடான்னா சாவியை வெளிய எடுக்காமலேயே... யார் செஞ்சானோ, அவன் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கணும்மா."

"அப்புறமா ஒத்திக்கலாம்" என்றாள் சாவியக்கா. "மணி ரெண்டு ஆகுது."

ரேடியோக்காரி யோசித்தாள். "ஒரு வழி இருக்கு. அந்த எட்டு எண்ணை எங்கயோ எழுதித்தான் குடுத்திருப்பாங்க. சிம் வாங்கும்போது கையகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை வரும். அதுல இருந்துதான் இந்தச் சில்லை உடைச்சு எடுப்போம். அந்த அட்டை முதுகுல இருக்கும். யாரும் வச்சிருக்க மாட்டாங்க. இருந்தாலும் கேட்கிறேன்."

"பதினொரு வருஷத்துக்கு முந்தின அட்டையையா?" என்று பூட்டுக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

சாவியக்கா உதட்டைப் பிதுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். கையகலம். பிளாஸ்டிக். ஒரு ஓரத்தில் சதுரமாக ஓட்டை. நீல நிறம். அவள் அதைப் பார்த்திருக்கிறாள். பார்த்தது மட்டுமா, புருஷனின் தோள்பையைத் துடைக்கும்போதெல்லாம் கையில் எடுத்திருக்கிறாள்.

"என்னங்க, தானா பூட்டிக்கிற அழுத்துப்பூட்டுக் கதவெல்லாம் எதை வச்சுத் திறப்பீங்க?"

"இடுக்குல ஒரு அட்டையை விட்டு, பூட்டு நாக்கை உள்ள தள்ளி..." சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நின்றார். "அடக் கடவுளே! அந்த நீல அட்டை!"

"எங்க அது?"

"வளையும், ஆனா உடையாது. அந்த மாதிரி ஒண்ணு கிடைக்கவே கிடைக்காது..."

"அட்டை எங்கங்க?"

"சலவைக்கடையில. அந்தக் கதவு நாக்கு கெட்டுப்போச்சு, தானா சாத்திக்குது. சாயங்காலம் வந்து மாத்தறேன், அதுவரைக்கும் சாத்தாம இருக்கட்டும்னு நாக்கு மேல அதைச் செருகிட்டு வந்தேன்."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே சாவியக்கா தெருவில் இறங்கிவிட்டாள். மழை சாய்த்து அடித்தது. சாக்கடை நிரம்பித் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். ஐம்பது வயசில் அப்படி ஓடுவாள் என்று தெருவில் ஒருத்தரும் நினைத்திருக்க மாட்டார்கள். ரொட்டிக்கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

சலவைக்கடை உள்ளே ஒரே ஆவி. வெள்ளைப் படுக்கை விரிப்புகள் உத்தரத்தளவு அடுக்கியிருந்தன. சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினார், வைத்தார், தூக்கினார், வைத்தார்.

"அண்ணே, கதவுல எங்க வீட்டுக்காரர் ஒரு அட்டை வச்சாரே!"

"அதோ இருக்கு. கையை வச்சிடாதீங்க சாவியக்கா. எடுத்தா கதவு சாத்திக்கும். சாவி எந்த மூட்டைக்குள்ள போச்சோ இன்னும் கிடைக்கல. உள்ள கல்யாண வீட்டுத் துணி அம்பது உருப்படி இருக்கு!"

"எனக்கு அந்த அட்டை வேணும்ணே. எம்புள்ளை விஷயம்."

"எனக்கும் புள்ளை குட்டி இருக்கு, கல்யாண வீட்டுக்காரன் வந்தான்னா..."

அவளுக்கு வாதாட நேரமில்லை. இடது கால் செருப்பைக் கழற்றினாள். கதவைத் தோளால் தாங்கிக்கொண்டு அட்டையை உருவினாள். நிலைக்கும் கதவுக்கும் நடுவில் செருப்பைச் செருகினாள். கதவு செருப்பைக் கடித்துக்கொண்டு நின்றது.

"உங்க கதவும் சாத்தாது, எங்க அட்டையும் வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு ஒற்றைச் செருப்போடு மழையில் இறங்கினாள். சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியவர் வைக்க மறந்து நின்றார்.

ரேடியோக்காரி அட்டையைத் துணியால் ஒற்றி, விளக்கின் கீழ் பிடித்தாள். அவள் முகம் விழுந்தது. பதினொரு வருஷம் கதவிடுக்குகளில் உரசி உரசி அட்டையின் முதுகு பளபளவென்று வழுக்கிக் கிடந்தது. எழுத்து இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல்தான் மிச்சம்.

"மை போயிடுச்சு அக்கா."

"மை போனா என்ன?" பூட்டுக்காரர் முதல் தடவையாகத் தெளிவான குரலில் பேசினார். "இது மை வச்சு எழுதினது இல்ல, சுட்டு எழுதினது. எத்தனை தடவை இதைத் தடவியிருக்கேன், விரலுக்குத் தெரியும். பள்ளம் இருக்கு." தோள்பையிலிருந்து சின்னக் குப்பி ஒன்றை எடுத்தார். பூட்டுக்குள் எண்ணெய்க்குப் பதிலாக ஊதுகிற கரித்தூள், பென்சிலுக்குள் இருக்கிற அதே சரக்கு. அட்டையின் முதுகில் ஒரு சிட்டிகை தூவி, கட்டைவிரலால் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். பூ என்று ஒரே ஊது.

மேலே ஒரு நீள வரி எண், கீழே ஒரு குட்டை வரி எண், கறுப்பாக எழுந்து நின்றன.

"அடேங்கப்பா!" என்றாள் ரேடியோக்காரி. "அண்ணே, நீங்க கெடுத்ததுக்கு இது சரியாப் போச்சு."

லென்ஸை இடுக்கிக்கொண்டு கீழ்வரியைப் படித்தாள். சாவியக்கா எழுதினாள். ஏழு எண் தடுமாற்றமில்லாமல் வந்தது. ஆறாவதில் மட்டும் ரேடியோக்காரி நின்றாள். பிறகு, "மூணு" என்றாள். "மூணுதான். நல்லாத் தெரியுது."

சில்லை போனில் போட்டு எட்டு எண்ணையும் அழுத்தினார்கள். போன் ஒரு கணம் யோசித்தது. பிறகு சிணுங்கியது. தவறு. மீதி: ஒன்று.

ரேடியோக்காரி லென்ஸைக் கழற்றி மேசையில் வைத்தாள். தகரக் கூரையில் மழை கொட்டியது. பூட்டுக்காரர் முக்காலியில் சரிந்து உட்கார்ந்தார். "என் வாயில மண்ணு. அன்னைக்கு அந்த ஒரு வார்த்தையை விட்டிருக்க வேண்டாம்" என்றார். அவர் அழுது சாவியக்கா பார்த்ததில்லை. இப்போது பார்க்க விரும்பாமல் அட்டையைக் கையில் எடுத்தாள்.

சாவியைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள். வெளிச்சத்துக்குச் சாய்த்து, திருப்பி, மறுபடி சாய்த்து. பதினொரு வருஷம் கதவைத் தேய்த்த அட்டை. கதவும் இதைத் தேய்த்திருக்கும். எங்கே அதிகம் தேய்த்திருக்கும்? ரேடியோக்காரி இப்போது இருப்பதைப் படித்தாள். அன்றைக்கு என்ன இருந்தது?

"தங்கச்சி, மேல் வரி என்ன எண்?"

"அது சிம்மோட அடையாள எண். நமக்கு வேண்டாம் அக்கா."

"அது வேற எங்கயாவது எழுதியிருக்குமா?"

"சில்லு முதுகுலயும் அதேதான் இருக்கும். ஏன்?"

"கழட்டு."

சில்லு வந்தது. அதன் முதுகில் எறும்பு வரிசை மாதிரி பொடி எண்கள். போனுக்குள்ளேயே அடைந்து கிடந்ததால் ஒரு புள்ளிகூடத் தேயவில்லை. அசல் சாவி ஒரு கையில், தேய்ந்த சாவி மறு கையில். சாவியக்காவுக்கு இது தினப்படி வேலை.

"லென்ஸைப் போடு. அட்டையில, ஆறாவது எண்ணுக்கு நேர் மேல, மேல் வரியில என்ன இருக்கு? நீ படி."

"மூணு."

"சில்லுல அதே இடத்துல?"

ரேடியோக்காரி எண்ணிக்கொண்டே போனாள். விரல் நின்றது. "எட்டு" என்றாள். குரலே மாறிவிட்டது. "அக்கா! எட்டு!"

"அந்த இடத்துல கதவோட நாக்கு உரசிக்கிட்டே இருந்திருக்கு. எட்டோட இடது பக்கம் தேஞ்சு போயிடுச்சு. மேல மூணாத் தெரியறது எட்டுன்னா கீழயும் எட்டுதான்."

"நிச்சயமா?" என்றார் பூட்டுக்காரர். "கடைசித் தடவைம்மா."

"நான் வெட்டின சாவி எதாவது திரும்பி வந்திருக்கா?"

பூட்டுக்காரர் தலையை ஆட்டினார். இல்லை.

ரேடியோக்காரி சில்லைத் திரும்ப போனில் போட்டுக் கொடுக்க, சாவியக்காவே அழுத்தினாள். மெதுவாக, ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு. ஆறாவதாக எட்டு. கடைசிப் பட்டனுக்கு முன்னால் அட்டையை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள்.

போன் யோசித்தது. யோசித்தது. பிறகு, புதிதாக நாலு எண் வைத்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகக் கேட்டது.

ரேடியோக்காரி மேசையைக் குத்திக் கத்தினாள். பூட்டுக்காரர் எழுந்து, எதைச் செய்வது என்று தெரியாமல், பெண்டாட்டியின் ஈரத் தலையில் கையை வைத்தார். "கெட்டிக்காரி" என்றார். முப்பது வருஷத்தில் அவளிடம் நேரில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"புது எண் என்ன வைக்கட்டும் அண்ணே?"

"ஏதாவது ஒண்ணு வச்சுட்டு, அப்புறம் அந்தப் பூட்டையே எடுத்துடும்மா. இது ஒண்ணுக்கு மட்டும் பூட்டு வேண்டாம்."

போனில் சிக்னல் கோடு ஒவ்வொன்றாக ஏறியது. அங்கே கேள்வி வந்திருக்கும், சில்லு அரைத்திருக்கும், பதில் போயிருக்கும். உடனே போன் மூன்று தரம் அதிர்ந்தது. நீங்கள் தொடர்பில் இல்லாதபோது இந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மூன்றும் ஒரே எண், வெளிநாட்டு எண். கடைசி அழைப்பு ஒன்றரை மணிக்கு. சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபது.

"திருப்பிப் போடு" என்றாள் சாவியக்கா.

வெகுநேரம் அடித்தது. யாரோ எடுத்து, தெரியாத பாஷையில் சள்ளென்று விழுந்தார்கள். சாவியக்கா மகனின் பேரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தப் பக்கம் போனை மேசையில் வைக்கும் சத்தம். காற்று. ஏதோ இரும்பு உருளும் சத்தம். யாரோ ஓடி வருகிற சத்தம்.

"ஹலோ?"

"நான்தான்டா" என்றாள்.

"அம்மா! மூணு தடவை போட்டேம்மா. கிடைக்கவே இல்ல. சரி, நம்பரையும் மாத்திட்டாங்கன்னு நெனச்சேன். கடை வாசல்லயே உட்கார்ந்திருக்கேன். இப்ப கிளம்பலாம்னு... நாலு மணிக்குக் கையெழுத்து."

நம்பரையும். அந்த 'யும்' அவளைச் சுட்டது. போனைப் புருஷன் காதில் வைத்தாள்.

பூட்டுக்காரர் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டார். ஐந்து வாரமாகச் சேர்த்துவைத்ததில் ஒரு வார்த்தைகூட இடத்துக்கு வரவில்லை.

"அப்பா?"

"மாத்தலடா" என்றார்.

"என்னப்பா?"

"நம்பரையும் மாத்தல, பூட்டையும் மாத்தல. வீட்டுப் பூட்டுடா. அதேதான் இருக்கு. ஸ்க்ரூவைக்கூடத் தொடல. அன்னைக்குச் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். உன் சாவி போடும். கையெழுத்துப் போடாத. வந்துடு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வெட்டுப்பட்டுவிட்டதா என்று ரேடியோக்காரி எட்டிப் பார்த்தாள். கோடுகள் அப்படியே இருந்தன.

"கேட்குதாடா?"

"கேட்குதுப்பா." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "ஆனா சாவி இல்லப்பா. போன வருஷமே பையிலிருந்து கடல்ல விழுந்துடுச்சு. திட்டுவீங்கன்னு சொல்லல."

பூட்டுக்காரர் விழித்தார். பிறகு பெண்டாட்டியைத் தேடினார். அவள் அங்கே இல்லை. ஒற்றைச் செருப்போடு தெருவைக் கடந்து கடைக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். இடுப்புக் கொத்திலிருந்து வீட்டுச் சாவியைக் கழற்றி, வெளிச்சத்தில் ஒரு தடவை சாய்த்துப் பார்த்து, பிடியில் மாட்டினாள். பக்கத்துப் பிடியில் புதுத் தகடு. சக்கரம் வீலென்று கத்தியது. இந்தப் பக்கக் கடை வரைக்கும் கேட்டது.

"அங்க என்னப்பா சத்தம்?" என்றான் பையன்.

"என்னது?"

"ஏதோ சத்தம் கேட்குதே!"

"உங்கம்மாதான்டா!" என்று பூட்டுக்காரர் மழைக்கு மேலே கத்தினார். "உனக்குச் சாவி வெட்டறா!"